சம்பளம் கரையும் நேரம்: கொழும்பில் உழைக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டன் பக்கத்திலிருந்தோ கொழும்புக்கு வந்து முதல் வேலையில் சேர்ந்தவர்கள் சில மாதங்களிலேயே ஒரே கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். சம்பளம் மோசமில்லை, பெரிதாக எதையும் வாங்கவும் இல்லை. பிறகு ஏன் இருபத்தைந்தாம் திகதி வந்த காசு பத்தாம் திகதிக்குள் முடிந்துவிடுகிறது? வீட்டில் இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கும்: "உன்ர கையில காசு நிக்காது." இந்தத் தீர்ப்பால் யாரும் திருந்தியதில்லை. கேட்டுக் கேட்டு, அதுவே தன் குணம் என்று நம்பிவிடுகிறோம். அதன் பிறகு கணக்குப் பார்க்கவே மனம் வராது.

காசு குணத்தால் போவதை விட நேரத்தாலும் இடத்தாலும் ஆட்களாலும் போவதுதான் அதிகம். ஒரு குறிப்பிட்ட மணிக்கு, ஒரு குறிப்பிட்ட வீதியில், ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு முன்னால் அது கையை விட்டுப் போகிறது. அந்த நேரத்தைக் கண்டுபிடித்து, அது வருவதற்கு முன்பே காசை வேறிடத்தில் வைத்துவிடுவதுதான் நான் சொல்லப்போகும் வழி.

முதல் மாதம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு அப்பியாசக் கொப்பி போதும். போனில் எழுதினாலும் சரி, வட்ஸ்அப்பில் உங்களுக்கே செய்தி அனுப்பி வைத்தாலும் சரி. ஒவ்வொரு செலவுக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாருடன் இருந்தபோது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. உணவு, போக்குவரத்து, உடை என்று பிரித்து எழுத வேண்டிய அவசியம் இப்போது இல்லை. பெரும்பாலானோர் அந்த அட்டவணையில்தான் தொடங்குகிறார்கள், இரண்டாம் கிழமையிலேயே கைவிட்டும் விடுகிறார்கள். என்ன வாங்கினோம் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். எப்போது, ஏன் என்பதுதான் தெரியாது.

இந்த மாதத்தில் சிக்கனம் பிடிக்க வேண்டாம். சிக்கனம் பிடித்தால் உங்கள் உண்மையான பழக்கம் கொப்பியில் விழாது. வழக்கம்போலச் செலவழியுங்கள். ஆனால் ரீலோட், பிளேன்டி, ரோல்ஸ், பஸ்ஸில் கொடுத்த மிச்சச் சில்லறை எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் அதை நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். வெறுமையாக விட்டு அடுத்த நாளுக்குப் போங்கள்.

மாத முடிவில் செலவுகளை மணிப்படி அடுக்கிப் பாருங்கள். வெள்ளவத்தையில் அறை எடுத்திருக்கும், கோட்டையில் வேலை செய்யும் ஒருவருடைய கொப்பி என்று வையுங்கள். காலையில் ரயிலில் போகிறார். பகல் பன்னிரண்டரைக்குச் சோற்றுப் பார்சல். அதன் பிறகு ஏழு மணி வரை வயிற்றில் ஒன்றும் இல்லை. வேலை முடிந்ததும் களைப்பு, நிற்கும் பொறுமை இல்லை, பிக்மீயில் ஓட்டோ. அறைக்கு வரும் வழியிலேயே ஊபர் ஈட்ஸில் கொத்து. சாப்பிட்ட பிறகு படுக்கையில் கிடந்தபடி இணையக் கடையில் ஒரு சப்பாத்து. அட்டவணைக்காரர் இதைப் போக்குவரத்து, உணவு, உடை என்று மூன்று இடங்களில் எழுதுவார். மணியைப் பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே செலவு. எல்லாம் பின்னேரம் நாலரைக்கு ஏற்பட்ட பசியிலிருந்து வந்தவை. அவர் திருத்த வேண்டியது நாலரை மணியைத்தான். ஒரு பணிஸும் பிளேன்டியும் வயிற்றில் இருந்தால் ஆறரை மணிக்கு ரயிலுக்கு நடக்கத் தோன்றும். மாதச் சீசன் டிக்கட் கையில் இருந்தால் அந்த நடை இன்னும் இலேசு, ஏனென்றால் அதற்குரிய காசை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

உங்கள் நேரம் வேறாக இருக்கலாம். சிலருக்குச் சம்பளம் வந்த முதல் மூன்று நாள். சிலருக்கு வெள்ளிக்கிழமை மாலை. சிலருக்கு வீட்டிலிருந்து அம்மா கோல் எடுத்து, கேட்கக்கூடாத ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டு வைத்த அடுத்த அரை மணி. கடைசியாகச் சொன்னதைக் கொப்பி இல்லாமல் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சில பழக்கங்களுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது

2022ஐக் கொழும்பில் வாழ்ந்து கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருள்களில் அது 94.9 வீதம். இன்று வாங்காவிட்டால் நாளை விலை கூடும், நாளை மறுநாள் பொருளே இராது. அப்போது காசைப் பொருளாக மாற்றிவிடுவது புத்திசாலித்தனமாக இருந்தது. பால்மாப் பக்கற்றைக் கண்ட இடத்தில் வாங்கியவர் ஊதாரி இல்லை.

2023 ஜூலையில் அதே சுட்டெண்ணின்படி பணவீக்கம் 6.3 வீதத்துக்கு இறங்கியது. 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே போனது. விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, ஆனால் கூடும் வேகம் தணிந்தது. நமது கை மட்டும் இன்னும் 2022இன் வேகத்திலேயே இருக்கிறது. "இப்ப எடுக்காட்டி பிறகு கிடைக்காது" என்ற எண்ணம், தட்டுப்பாடே இல்லாத பொருளுக்கு முன்னாலும் எழுகிறது. கழிவு விலை விளம்பரங்கள் தொடுவது இந்தப் பயத்தைத்தான். கொப்பியில் "முடிஞ்சிடும் எண்டு வாங்கினேன்" என்று எழுத வேண்டிய செலவுகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளிகள் அதிகமானால், ஒரு வழி இருக்கிறது. வாங்க நினைத்ததை எழுதிவைத்து மூன்று நாள் பொறுங்கள். மூன்று நாள் கழித்தும் அது அதே கடையில் அதே விலையில் இருப்பதைக் கண்ணால் கண்டால்தான் அந்தப் பயம் தணியும்.

சம்பள நாளில் செய்ய வேண்டியது

மனஉறுதியை நம்ப வேண்டாம். சம்பளம் வந்த நாளிலேயே காசைப் பிரித்து வெவ்வேறு இடங்களில் வைத்துவிடுங்கள்.

முதலில் சம்பளச் சீட்டை ஒழுங்காக வாசியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், வேலை கொடுப்பவரின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பலர் இந்த எண்களைப் பார்ப்பதே இல்லை. கழிக்கிறார்களா, கழித்ததைக் கட்டுகிறார்களா என்பதைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. இது உங்கள் வாழ்நாளின் மிகப் பெரிய சேமிப்பாக இருக்கப்போகிறது.

அடுத்ததாக, சம்பளம் வரும் வங்கியில் இல்லாமல் வேறொரு வங்கியில் ஒரு கணக்குத் திறவுங்கள். அதற்கு ஏ.டி.எம். அட்டை எடுக்க வேண்டாம். போனில் அந்த வங்கியின் செயலியும் வேண்டாம். புத்தகத்தோடு வரிசையில் நின்றுதான் எடுக்க வேண்டும் என்றால், பாதித் தடவை எடுக்காமலே விட்டுவிடுவீர்கள். தேசிய சேமிப்பு வங்கி இதற்கு நல்ல இடம். அங்குள்ள வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு. மற்றைய உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானாக அந்தக் கணக்குக்குப் போகும்படி உங்கள் வங்கியில் ஸ்டாண்டிங் ஓடர் எழுதிக் கொடுங்கள். மிச்சம் வந்தால் போடுவோம் என்று இருந்தால் மிச்சம் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் வருவது 100,000 என்று வையுங்கள். அறை வாடகை 25,000, வீட்டுக்கு 20,000, சேமிப்பு 8,000, மின்சாரம், தண்ணீர், போன், சீசன் டிக்கட் எல்லாம் சேர்த்து 7,000. மிச்சம் 40,000. இதை நான்கால் வகுக்காமல் ஐந்தால் வகுங்கள். கிழமைக்கு 8,000. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதை மட்டும் எடுங்கள். நான்கு கிழமை முடிந்ததும் ஐந்தாவது பங்கு மிச்ச நாள்களுக்கும், எதிர்பாராத காய்ச்சலுக்கும், கழன்ற சப்பாத்துக்கும் இருக்கும். நான்கால் வகுப்பவர்கள் மாதத்தின் கடைசி இரண்டு மூன்று நாளில்தான் கைமாற்றுக் கேட்கிறார்கள். அந்தக் கைமாற்று அடுத்த சம்பளத்தின் முதல் நாளிலேயே வெட்டு விழுத்துகிறது, அடுத்த மாதமும் அதே நாளில் அதே கதை.

திங்கட்கிழமை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வெள்ளியன்று எடுத்தால் கிழமையின் காசு சனி ஞாயிறிலேயே போய்விடும்.

தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, ஊருக்குப் போய்வரும் செலவு எல்லாம் வருடாவருடம் வருபவைதான். அவற்றைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் அந்த இரண்டாம் கணக்கில் சேருங்கள். அலுவலகம் தரும் பண்டிகை முற்பணம் அடுத்துவரும் மாதங்களின் சம்பளத்தில் கழிபடும் கடன் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

கடன்களை ஒரே கடதாசியில் எழுதுங்கள்

இது கசக்கும் வேலை, இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். வங்கிக் கடன், கடன் அட்டை, அடகு, சீட்டு, போனில் எடுத்த தவணை, அறைத் தோழனிடம் வாங்கிய ஐயாயிரம் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வட்டியை ஆண்டு வீதமாக மாற்றி எழுதுங்கள். மாற்றினால்தான் எது கொல்கிறது என்று தெரியும்.

"நூற்றுக்கு அஞ்சு" என்று புறக்கோட்டைப் பக்கம் சாதாரணமாகச் சொல்லப்படும் வட்டி மாதத்துக்கு உரியது. ஆண்டுக்கு அது 60 வீதம். 50,000 வாங்கி மாதம் 2,500 கட்டிவந்தால், இருபது மாதத்தில் வாங்கிய அளவு காசை வட்டியாகக் கொடுத்து முடித்திருப்பீர்கள். முதலாக வாங்கிய 50,000 அப்படியே நிற்கும். நாள் வட்டி இன்னும் மோசமாக ஏமாற்றும். கையில் 9,000 தந்து, நூறு நாளைக்கு நாளொன்றுக்கு 100 கட்டச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். ஆயிரம் ரூபாய்தானே கூட என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே முதலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பதால், ஆண்டுக் கணக்கில் அது 77 வீதத்தையும் தாண்டுகிறது.

கடன் அட்டையின் வலை வேறு விதம். 2023 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி கடன் அட்டைகளுக்கு ஆண்டுக்கு 28 வீதமும் அடகுக்கு 18 வீதமும் உச்ச வரம்பாக விதித்தது. இன்று உங்கள் வங்கி எவ்வளவு எடுக்கிறது என்பது மாதக் கூற்றில் அச்சிட்டிருக்கும், போய்ப் பாருங்கள். 28 வீதத்தையே வைத்துக் கணக்கிடுவோம். 100,000 நிலுவை, புதிதாக எதுவும் வாங்கவில்லை, மாதந்தோறும் ஆகக் குறைந்த கட்டணமாக 5 வீதம் மட்டும் கட்டுகிறீர்கள். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 53,000 கட்டியிருப்பீர்கள். கடன் இன்னும் 71,000க்கு மேல் இருக்கும். நீங்கள் கட்டியதில் 24,000 வட்டிக்கே போயிருக்கும். "மினிமம் கட்டிட்டேன்" என்று நிம்மதியடைவதுதான் அந்தப் பழக்கத்தின் உயிர்நாடி. அட்டையில் ஏ.டி.எம். காசு எடுப்பவர்கள் உடனே நிறுத்த வேண்டும். அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும், கட்டணமும் தனி.

ஆண்டு வீதம் அதிகமான கடனை முதலில் அடையுங்கள், மற்றவற்றுக்கு உரிய தவணையை மட்டும் கட்டுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. அறைத் தோழனின் ஐயாயிரத்துக்கு வட்டி இல்லை, ஆனாலும் அதை முன்னே தள்ளுங்கள். தினமும் அவன் முகத்தைப் பார்க்கும் கூச்சம் உங்களை வேறு முட்டாள்தனமான செலவுகளுக்குத் துரத்தும். அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பதும் அதில் ஒன்று.

நகை இருந்தால், நூற்றுக்கு ஐந்து வட்டிக் கடனை வங்கி அடகால் அடைப்பது நல்ல கணக்கு. 60 வீதத்தை விட்டு 18க்குப் பக்கத்தில் வருகிறீர்கள். அடகைக் கெட்ட பழக்கம் என்று ஒரேயடியாகச் சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. கெட்டது அடகின் முடிவைப் பற்றி யோசிக்காமல் வைப்பதுதான். அவர்கள் தர முன்வரும் முழுத் தொகையையும் எடுக்காமல், தேவையானதை மட்டும் கேளுங்கள், மீட்பது இலகுவாகும். மீட்கும் மாதத்தை அன்றே கொப்பியில் எழுதுங்கள். 200,000க்கு 18 வீதம் என்றால் வருடத்துக்கு 36,000. அதைக் கட்டித் திருப்பி வைத்து, மறுபடி கட்டித் திருப்பி வைத்து, கடைசியில் அம்மாவின் சங்கிலி ஏலத்துக்குப் போனதைக் கேட்காத குடும்பம் கொழும்பில் குறைவு.

சீட்டு

சீட்டைக் கைவிடச் சொல்ல மாட்டேன். வங்கி வாசலை மிதிக்காதவர்களையும் சேமிக்க வைப்பது அதுதான். மாதாமாதம் ஒருவர் வந்து கேட்கிறார், கொடுக்காவிட்டால் மரியாதை போகும்; அந்த நெருக்குதலே பலன். பன்னிரண்டு பேர், ஆளுக்கு 10,000, மாதம் 120,000 என்று குலுக்கிப் போடும் சீட்டில், முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவருக்கு வட்டியில்லாச் சேமிப்பு.

ஏலச் சீட்டில் மட்டும் நிதானம் வேண்டும். அதில் ஆகக் குறைந்த தொகைக்கு எடுக்கச் சம்மதிப்பவருக்கே காசு போகும், அவர் விட்டுக்கொடுத்த கழிவு எல்லோருக்கும் பிரியும். அதே 120,000ஐ மூன்றாம் மாதம் 95,000க்கு எடுத்தீர்கள் என்று வையுங்கள். அதுவரை போட்ட 30,000ஐக் கழித்தால் உண்மையில் கடனாகக் கிடைத்தது 65,000. அடுத்த ஒன்பது மாதத்தில் கட்ட வேண்டியது 90,000. கழிவில் உங்கள் பங்கு கொஞ்சம் திரும்பி வந்தாலும், இது மலிவான காசு இல்லை. ஒரு சீட்டுக்கு மேல் பிடிக்காதீர்கள். ஒன்றை எடுத்து மற்றதற்குக் கட்டத் தொடங்கினால் வெளியே வருவது கஷ்டம். சீட்டுப் பிடிப்பவர் ஓடிவிட்டால் வைப்புக் காப்புறுதி எதுவும் உதவாது. அவருடைய வீடும் குடும்பமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆள் சேர்த்தால் காசு பெருகும் என்று சொல்பவர்கள் நடத்துவது சீட்டே இல்லை. அத்தகைய பிரமிட் திட்டங்கள் வங்கித் தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி குற்றம். உங்களை அழைப்பவர் சொந்த மச்சானாக இருந்தாலும் போகாதீர்கள்.

இல்லை என்று சொல்லும் முறை

நம்மவர்களுடைய காசுப் பழக்கத்தில் பாதி வெட்கத்தால் ஆனது. கொழும்பில் வேலை என்றால் ஊரில் எல்லோருக்கும் அது பெரிய சம்பளம். சாமத்தியச் சடங்குக்கு என்வலப், கல்யாணத்துக்கு என்வலப், கோவில் திருவிழாவுக்குப் பங்கு, தங்கைச்சியின் படிப்பு. இவற்றில் பல நியாயமானவை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பிறகு வட்டிக்கு வாங்கி அனுப்புவதுதான் ஆபத்து.

வீட்டுக்கு அனுப்பும் தொகையை ஒருமுறை உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். சம்பளச் சீட்டையே அப்பாவிடம் காட்டுங்கள். "அப்பா, கையில வாறது இவ்வளவு. மாசம் இருபதாயிரம் கட்டாயம் வரும். அதுக்கு மேல வேணுமெண்டா ரெண்டு மாசத்துக்கு முன்னுக்குச் சொல்லுங்கோ." பலர் வீட்டில் சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி வைத்திருக்கிறார்கள், அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றவே கடனாளி ஆகிறார்கள். உண்மையைச் சொல்லும் நாள் கடினமாக இருக்கும். அதற்குப் பிறகு மாதங்கள் இலகுவாகும்.

நண்பர் கைமாற்றுக் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்ற அளவுக்கு மட்டும் கொடுங்கள். "மச்சான், பத்தாயிரம் ஏலாது. மூவாயிரம் இருக்கு, வைச்சிரு, திருப்பித் தரவேண்டாம்." இப்படிச் சொன்னால் காசும் அளவோடு போகும், நட்பும் நிற்கும்.

வங்கிக் கடனுக்குப் பிணைக் கையெழுத்துக் கேட்கும் அலுவலக நண்பருக்கு மட்டும் எந்த அரைகுறைப் பதிலும் வேண்டாம். கையெழுத்திட்டால், அவர் கட்டாத கடன் உங்களுடையது. கிரிப் என்று எல்லோரும் சொல்லும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் நீங்கள் பிணை நின்றதும் பதிவாகும். நாளைக்கு வீடு கட்டக் கடன் கேட்கும்போது வங்கி முதலில் பார்ப்பது அதைத்தான். உங்கள் அறிக்கையை நீங்களே விண்ணப்பித்து எடுக்கலாம். ஒருமுறை எடுத்துப் பார்த்து, அடைத்து முடித்த கடன் ஏதாவது இன்னும் திறந்திருப்பதாகக் காட்டுகிறதா என்று கவனியுங்கள்.

இரண்டாம் மாதமும் அதற்குப் பிறகும்

கொப்பியில் கண்ட நேரங்களில் ஒன்றை மட்டும் எடுத்துத் திருத்துங்கள். நாலரை மணிப் பசியோ, வெள்ளி மாலையோ, எதுவானாலும் ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் நிறுத்தப் போனவர்கள் மூன்றாம் கிழமையில் எல்லாவற்றையும் சேர்த்தே செலவழித்துத் தீர்க்கிறார்கள். போனில் சேமித்து வைத்திருக்கும் அட்டை விவரத்தை அழிப்பது, இரவு பத்துக்குப் பிறகு கடைச் செயலிகளைத் திறக்காமல் இருப்பது, மூன்று தவணையில் தரும் செயலியை நீக்குவது போன்ற சின்னத் தடைகள் நினைப்பதை விட அதிகம் உதவும். தவறினால் அன்றைய பக்கத்தில் மணியோடு எழுதிவிட்டு அடுத்த நாளைத் தொடருங்கள். அந்தக் குறிப்பும் அடுத்த மாதத்துக்கு வேண்டும்.

கடதாசியில் எழுதிய தவணைகளின் கூட்டுத்தொகை சம்பளத்தின் பாதியைத் தாண்டினால், இந்தப் பக்குவங்கள் போதாது. ஒரு தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போங்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் அந்தக் கடதாசியையும் எடுத்துச் சென்று, தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தவறிய பிறகு போனால் அதே முகாமையாளரின் கையில் வழிகள் குறைந்திருக்கும். வங்கியோ நிதிக் கம்பனியோ உங்களை நியாயமாக நடத்தவில்லை என்றால், முதலில் அந்த நிறுவனத்துக்கே முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலோ பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். பேசும்போது கடன் ஒப்பந்தமும் கட்டிய ரசீதுகளும் முன்னால் இருக்கட்டும்.